அறுநூற்றுப் பதினாலின் விலை

சொந்தக்காரர்கள் மத்தியில் அவனுக்குத் தள்ளுபடி என்று பெயர். வைத்தவர் அவன் மனைவியின் அண்ணன். துணி எடுக்கப் போன இடத்தில், மாப்பிள்ளை தன் சொந்தக் கல்யாணச் சட்டைக்கே முக்கால் மணி நேரம் பேரம் பேசியதைப் பார்த்துவிட்டு 'தள்ளுபடி மாப்பிள்ளை' என்று கூப்பிட ஆரம்பித்தார். நாளடைவில் மாப்பிள்ளை உதிர்ந்துபோய்த் தள்ளுபடி மட்டும் நின்றது. அவனுக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

தள்ளுபடி ஏசி மெக்கானிக். ஆஸ்பத்திரி, ஆபீஸ், ஹோட்டல் என்று பெரிய கட்டடங்களின் மொட்டைமாடியிலும் ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலேயும்தான் அவன் பகல்கள் போகும். மனைவிக்கு ஒரு பல் கிளினிக்கில் வரவேற்பு மேசை. நாளுக்கு நூறு போன் எடுத்து நூறு பேரிடமும் ஒரே குரலில் "சொல்லுங்க" என்பாள். அவள் சம்பளம் விழும் வங்கிதான் அந்தக் கிரெடிட் கார்டைக் கொடுத்தது. கார்டு அவள் பேரில், ஆட்சி இவன் கையில்.

அந்தக் கார்டுக்கென்று பயணம் பதிவு செய்ய ஓர் இணையதளம் இருந்தது. அதில் ஹோட்டல் ரூம் போட்டுவிட்டு, இருபத்துநாலு மணி நேரத்துக்குள் அதே ஹோட்டல், அதே தேதி, அதே மாதிரி ரூம் வேறொரு இடத்தில் குறைந்த விலைக்குக் கிடைப்பதைக் காட்டினால், வித்தியாசத்தைத் திருப்பிக் கொடுப்பார்கள். பெரும்பாலானவர்களுக்கு இப்படி ஒரு விதி இருப்பதே தெரியாது. தள்ளுபடிக்கு மனப்பாடம். கட்டில் ஒன்றாக இருக்க வேண்டும். ரத்து செய்யும் நிபந்தனை ஒன்றாக இருக்க வேண்டும். அவர்கள் ஆள் திறந்து பார்க்கும்போதும் அந்தக் குறைந்த விலை அங்கே நிற்க வேண்டும். மூன்று தடவை கேட்டு இரண்டு தடவை ஜெயித்திருந்தான். மூன்றாவது தடவை, அந்த விலையில் காலைச் சாப்பாடு சேரவில்லை என்று தள்ளிவிட்டார்கள். தேர்தலில் தோற்றவன் மாதிரி ஒரு வருஷம் அதையே சொல்லிக்கொண்டு திரிந்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மகளின் சின்னச் சட்டைகளை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த மனைவி, நிமிர்ந்து பார்க்காமலேயே, அண்ணன் இறந்துபோன ஹோட்டலில் இரண்டு நாள் தங்க வேண்டும் என்றாள்.

அவள் அண்ணன் துறைமுகக் கிரேன்களைச் சோதித்துச் சான்று கொடுக்கும் வேலையில் இருந்தவர். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. மாதத்தில் பாதி நாள் ஏதாவது ஒரு கடலோர ஊரில் இருப்பார். நாலு வருஷத்துக்கு முன்னால் அப்படிப் போன இடத்தில், ஹோட்டல் அறையில், மாரடைப்பில் போய்விட்டார். இவள் அப்போது ஆறு மாதக் கர்ப்பம். பயணமே கூடாது என்று டாக்டர் சொன்னதால் தள்ளுபடிதான் போய் உடலைக் கொண்டுவந்தான். அந்த ஊரையோ ஹோட்டலையோ அவள் கண்ணால் பார்த்ததில்லை.

"இப்ப எதுக்கு?" என்றான்.

"கடைசியா எந்த இடத்தைப் பார்த்துக்கிட்டு இருந்தான்னு நானும் ஒரு தடவை பார்த்துட்டு வந்துடறேன். வேற ஒண்ணுமில்லை."

வேண்டாம் என்று சொல்ல அவனிடம் காரணம் எதுவும் இல்லை. அதாவது, வெளியே சொல்லக்கூடிய காரணம் இல்லை. மகளைத் தன் அக்கா வீட்டில் விட்டுவிடலாம் என்று பேசி முடித்து, அன்று மாலையே கார்டின் தளத்தில் அடுத்த வெள்ளி, சனி இரண்டு நாளுக்கு ரூம் போட்டான்.

மறுநாள் மதியம், ஓர் ஆபீஸ் கட்டடத்தின் மொட்டைமாடியில், ஓடும் மெஷின்களின் நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டு முடித்ததும் கை அரித்தது. போனை எடுத்துத் தேட ஆரம்பித்தான். இந்தப் பயணத்துக்குப் போய் இதெல்லாம் தேவையா என்று ஒரு நினைப்பு வராமல் இல்லை. ஆனால் பழகிய விரல் நிற்கவில்லை. நாலாவது தளத்தில் கிடைத்தது. அதே ஹோட்டல், அதே இரட்டைக் கட்டில், அதே நிபந்தனை. விலை மட்டும் மூன்றில் இரண்டு பங்கு. இருபத்துநாலு மணி நேரம் முடிய இன்னும் ஐந்து மணி நேரம் இருந்தது. சட்டென்று திரையைப் படம் பிடித்து, இணைப்பையும் சேர்த்து, படிவத்தை நிரப்பி அனுப்பிவிட்டான்.

அனுப்பிய பிறகுதான், இவ்வளவு குறைவாக ஏன் கொடுக்கிறான் என்று மூக்கு வேர்த்தது. பக்கத்தை மறுபடி திறந்து கீழே நகர்த்தினான். சின்ன எழுத்தில் ஒரு வரி: இந்த விலை அறை எண் 614-க்கு மட்டும்.

அந்த எண்ணைத் தள்ளுபடிக்குத் தெரியும். அந்தக் கதவுக்கு முன்னால் அவன் நின்றிருக்கிறான். மானேஜர் கதவைத் திறந்துவிட்டுத் தான் உள்ளே வராமல் ஒதுங்கி நின்றதும், உள்ளே கட்டிலில் விரிப்பு உருவப்பட்டு வெறும் மெத்தை கிடந்ததும் நினைவில் இருந்தது.

அதற்கும் கீழே, தங்கிவிட்டுப் போனவர்கள் எழுதிய கருத்துகள். ஒருவர், ரூம் சுத்தம், ஆனால் சாயங்காலம் ஏழு மணிக்குப் பக்கத்து ரூம்காரர் போனில் பேசுவது அப்படியே கேட்கிறது என்று எழுதியிருந்தார். இன்னொரு பெண்மணி, அந்தச் சத்தத்தைப் பற்றி வரவேற்பில் சொன்னபோது, பக்கத்தில் ரூமே இல்லை, துணி அடுக்கி வைக்கும் இடம்தான் இருக்கிறது என்றார்களாம். மறுநாளே வேறு ரூமுக்கு மாறிவிட்டாராம். மூன்றாவது ஆள் கொஞ்சம் நீளமாக எழுதியிருந்தார்: 'யாரோ தன் குழந்தைக்குப் போன் பண்ணுகிறார் போலிருக்கிறது. லைன் கிடைக்கவில்லை. பாப்பா, கேக்குதா, பாப்பா, கேக்குதா என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்கிறார். கோபமாகக்கூட இல்லை. கேட்க ரொம்பக் கஷ்டமாக இருந்தது.'

தள்ளுபடி அந்த மூன்றாவது கருத்தை மறுபடி முதலிலிருந்து படித்தான். இந்த உலகத்தில் அவன் மனைவியைப் பாப்பா என்று கூப்பிட ஒரே ஓர் ஆள்தான் இருந்தார்.

அவன் யாரிடமும் சொல்லாத விஷயம் இதுதான்.

நாலு வருஷத்துக்கு முன்னால், மாமியார் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, இனி மூச்சு விடும் மெஷின் வைத்துப் பிரயோஜனமில்லை என்று டாக்டர் ஒரு தாளை நீட்டினார். அண்ணன் கையெழுத்துப் போட்டுவிட்டார். தங்கை வந்து சேர இன்னும் நாலு மணி நேரம் இருந்தது. அவள் வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. நான் வருகிறவரைக்கும்கூட அம்மாவை வைத்திருக்க முடியவில்லையா என்று ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே அண்ணனைக் கேட்டாள். காரியங்கள் முடிந்து அவரவர் வீட்டுக்குப் போன பிறகும் சண்டை போனில் தொடர்ந்தது. அவர் விளக்கம் சொல்லக் கூப்பிடுவார். இவள் கத்துவாள், பிறகு அழுவாள், இரண்டு நாள் சாப்பிட மாட்டாள். ரத்த அழுத்தம் ஏறிக்கொண்டே போனது. இப்படியே போனால் தாய்க்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து என்றார் டாக்டர்.

அன்றைக்கு அவள் குளித்துக்கொண்டிருந்தபோது தள்ளுபடி அவள் போனை எடுத்து அண்ணனின் நம்பரை பிளாக் செய்தான். இரண்டு வாரம்தானே, மனசு ஆறட்டும், பிறகு எடுத்துவிடலாம் என்பது அவன் எண்ணம். நல்லதற்கென்றுதான் செய்தான். இந்த நாலு வருஷமும் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அவனால் இருக்க முடிந்தது.

தடுத்த அழைப்புகள் ஒரு தனிப் பட்டியலில் விழும். அவளுக்கு அது தெரியாது. அவன் தினமும் அவள் கண் அசந்த நேரத்தில் பார்த்தான். தினம் ஒன்று, சாயங்காலம் ஏழு மணிக்கு. எட்டாம் நாள் மட்டும் மூன்று இருந்தது. ஏழு மணிக்கு ஒன்று, நாலு நிமிஷம் கழித்து ஒன்று, பதினொன்றாவது நிமிஷம் ஒன்று. அடுத்த நாள் மதியம் ஹோட்டலிலிருந்து செய்தி வந்தது. அவளிடம் சொல்வதற்கு முன்னால் அவன் செய்த முதல் வேலை, பட்டியலை அழித்து, பிளாக்கை எடுத்ததுதான். அண்ணனின் போன் கம்பெனி கொடுத்தது. ஹோட்டலிலேயே கம்பெனி ஆளிடம் ஒப்படைத்துவிட்டு வந்தான். ஆகவே கேள்வி கேட்க எதுவும் மிஞ்சவில்லை. தன் மேல் கோபத்தோடேயே அண்ணன் போய்ச் சேர்ந்துவிட்டான் என்று அவள் நம்பினாள். நம்பட்டும் என்று இவன் விட்டுவிட்டான்.

மொட்டைமாடியிலிருந்தே கார்டு அலுவலகத்துக்குப் போன் போட்டான். விலைக் கோரிக்கையைத் திரும்பப் பெற வேண்டும் என்றான். எடுத்த பெண் மரியாதையாகத்தான் பேசினாள். கார்டு அவன் பேரில் இல்லை, கார்டுக்குரியவர் சொன்னால்தான் திரும்பப் பெற முடியும், சரிபார்க்கிறவர்கள் எப்படியும் அவரை ஒரு தடவை கூப்பிடுவார்கள் என்றாள். விலை வேண்டாம் என்று சொல்ல இவ்வளவு கெஞ்சிய ஆளை அவள் பார்த்திருக்க மாட்டாள்.

மறுநாள் அவன் வீட்டுக்கு வந்தபோது மனைவி கைப்பையைத் தோளிலிருந்து இறக்காமலேயே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மகள் தரையில் ஏதோ கிறுக்கிக்கொண்டிருந்தாள்.

மதியம் கிளினிக்கில் கூட்டமாக இருந்த நேரத்தில் கார்டு அலுவலகத்தின் சரிபார்ப்புப் பெண் கூப்பிட்டிருக்கிறாள். ஹோட்டலும் தேதியும் சரிதான், ஆனால் குறைந்த விலை ஒரே ஒரு ரூமுக்கு மட்டும்தான், அந்த ரூமில் ஏதோ சத்தம் என்று தங்குகிறவர்கள் புகார் சொன்னதால் ஹோட்டல்காரர்கள் விலையைக் குறைத்திருக்கிறார்கள், அதனால் இரண்டும் ஒரே ரூம் ஆகாது என்று சொல்லியிருக்கிறாள். நாள் முழுக்க மற்றவர்களின் பல்வலியைக் கேட்டுக் குறித்துக்கொள்ளும் பழக்கத்தில், மனைவியும் யோசிக்காமல், என்ன சத்தம் என்று கேட்டுவிட்டாள். அந்தப் பெண் தயங்கியிருக்கிறாள். பிறகு ஹோட்டல் மானேஜர் சொன்னதைத் தான் குறித்து வைத்திருப்பதாகச் சொல்லி, வரிவரியாகப் படித்துக் காட்டியிருக்கிறாள்.

"அண்ணன் இருந்த ரூம் நம்பர் என்னங்க?" என்றாள் மனைவி.

அவன் பொய் சொல்லியிருக்கலாம். ஏனோ வாய் வரவில்லை. "அறுநூத்திப் பதினாலு," என்றான்.

அவள் தலையாட்டினாள். அந்த ரூமையே அதே குறைந்த விலைக்குத் தனக்குக் கொடுக்க முடியுமா என்று அப்போதே கேட்டுவிட்டாளாம். அந்தப் பெண் ஹோட்டலில் விசாரித்து மாற்றிக் கொடுத்துவிட்டாள். வித்தியாசம் கார்டில் வந்துவிடும். கடைசியில் குரலைத் தாழ்த்தி, கண்டிப்பாக அந்த ரூம்தான் வேண்டுமா மேடம் என்று கேட்டாளாம்.

"நான் ஆமான்னேன். ஆனா ஒண்ணு மட்டும் எனக்குப் புரியலை. அவன் யாரைக் கூப்பிட்டுக்கிட்டு இருக்கான்? அவன் கால் நின்னுபோன அந்த எட்டு நாளும் நான் போனைக் கீழ வைக்கலை. குளிக்கப் போனாக்கூடப் பாத்ரூம் வாசல்ல ஸ்டூல் போட்டு அது மேல வெச்சிட்டுப் போவேன். எனக்கு ஒரு கால் வரலையே."

அந்த ஸ்டூலின் மேலிருந்துதான் அவன் போனை எடுத்திருந்தான். அவள் அவனைச் சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை. நிஜமாகவே புரியாமல்தான் கேட்டாள். அது இன்னும் மோசமாக இருந்தது. பெரிய கட்டடங்களில் ஏசி காற்று போகும் டக்ட் வழியாக எங்கேயோ பேசுவது எங்கேயோ கேட்கும், இதெல்லாம் தன் தொழிலில் தினம் பார்ப்பதுதான் என்று அவன் ஐந்து நிமிஷம் விளக்கினான். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். பிறகு கைப்பையை இறக்கி வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

அந்த வாரம் முழுக்க அவனுக்கு வேலை ஓடவில்லை. வியாழக்கிழமை ஓர் ஆபீஸ் சீலிங்குக்குள் தலையை விட்டு ஃபில்டரைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, டக்டின் தகரத்துக்குள் வெகு தூரத்தில் ஓர் ஆண் குரல் பேசிக்கொண்டிருந்தது. ஏதோ மாடியில் யாரோ பேசுகிறார்கள். இருபது வருஷமாகக் கேட்கிற சத்தம்தான். அன்றைக்கு ஏணியிலிருந்து இறங்கியவன் மறுபடி ஏறவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் போய்ச் சேர்ந்தார்கள். நடுத்தரமான ஹோட்டல். வரவேற்பில் இருந்தவன் ரூம் நம்பரைப் பார்த்ததும் இரண்டு பேர் முகத்தையும் ஒரு தடவை பார்த்தான், எதுவும் கேட்காமல் சாவி அட்டையைக் கொடுத்தான். ஆறாவது மாடி வராந்தாவின் கடைசிக் கதவு. கட்டில், மேசை, சுவரோடு ஓர் அலமாரி, சின்னக் கெட்டில். மேசைக்கு மேலே ஒரு பிளக் பாயின்ட் புதிதாக மாற்றியிருந்தார்கள், சுற்றிலும் சுண்ணாம்பு மற்றச் சுவரோடு ஒட்டாத வெள்ளையாக இருந்தது. ஜன்னல் கட்டடத்தின் பின்பக்கம் பார்த்தது. தண்ணீர்த் தொட்டிகள், அடுத்த கட்டடத்தின் புகைபோக்கி, துருப்பிடித்த தகரக் கூரைகள். அதையெல்லாம் தாண்டித் தொலைவில் இரண்டு கிரேன்களின் கழுத்து மட்டும் தெரிந்தது. அவள் ஜன்னலோரம் நின்று அதையே வெகு நேரம் பார்த்தாள்.

தள்ளுபடி தன் வேலையை ஆரம்பித்தான். ஸ்க்ரூடிரைவரும் டார்ச்சும் பையிலேயே கொண்டுவந்திருந்தான். ஏசியின் கிரில்லைக் கழற்றி, கை போகிறவரைக்கும் உள்ளே விட்டுப் பார்த்தான். அந்த ரூமுக்குத் தனி மெஷின். வெளியிலிருந்து குழாய் மட்டும்தான் வந்தது. எந்த டக்டும் எந்த ரூமுக்கும் போகவில்லை. பாத்ரூம் காற்றுப்போக்கிக் குழாயையும் பார்த்தான். அது நேராக மொட்டைமாடிக்குப் போனது. துணி வைக்கும் அறைப் பக்கத்துச் சுவரைத் தட்டினான். கெட்டிச் சுவர். கிரில்லை மாட்டிவிட்டுக் கை கழுவி வந்து உட்கார்ந்தபோது, டக்ட் வழியாகக் கேட்கிறது என்று சொல்ல இனி வழியில்லை.

மணி ஆறரை ஆனது. அவள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, கையிலிருந்த போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் ஏசியை நிறுத்தினான். மெஷின் அடங்கியதும் ரூமில் அவர்கள் இருவரின் மூச்சுச் சத்தம் தனித்தனியாகக் கேட்டது. ஏழுக்குப் பத்து நிமிஷம் இருந்தபோது அவனால் தாங்க முடியவில்லை.

"உங்கண்ணன் உன்னைக் கூப்பிட்டாரு," என்றான். "நான்தான் உன் போன்ல அவர் நம்பரை பிளாக் பண்ணி வெச்சிருந்தேன்."

அவள் திரும்பினாள்.

"உனக்கு அப்ப இருந்த நிலைமையில, டாக்டர் வேற அப்படிச் சொன்னதும், ரெண்டு வாரத்துக்குன்னு நினைச்சு..." என்று ஆரம்பித்தவனை அவள் கையை உயர்த்தி நிறுத்தினாள்.

"எத்தனை தடவை?"

"தினம் ஒண்ணு. ஏழு மணிக்கு."

"எட்டு தடவை."

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். எட்டு என்று அவளாகவே கணக்குப் போட்டுக்கொண்டாள். ஆனால் நாலு வருஷமாகத் தொண்டையில் நின்றது அந்த எட்டாவது நாள்தான்.

"பத்து," என்றான். "கடைசி நாள் மூணு. ஏழு மணி, ஏழு நாலு, ஏழு பதினொண்ணு."

அவள் கத்தவில்லை. அழவும் இல்லை. தனக்கு நேரே இருந்த சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. விளக்குப் போட இருவரும் எழவில்லை. அவன் நாற்காலியிலிருந்து எழுந்து அவள் பக்கத்தில் போகலாமா என்று யோசித்தான். அவள் தோள்களைப் பார்த்துவிட்டு உட்கார்ந்த இடத்திலேயே இருந்தான்.

அப்போது அவள் தலையைத் திருப்பினாள். அடுத்த அறையிலிருந்து பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவோமே, அப்படி. ஜன்னலுக்கும் மேசைக்கும் நடுவில் இருந்த வெற்றிடத்தைப் பார்த்தாள். எழுந்தாள். அந்த இடத்துக்குப் போய், கையிலிருந்த போனைக் கட்டிலில் போட்டுவிட்டு நின்றாள்.

தள்ளுபடி காதைக் கூர்மையாக்கினான். ஒன்றுமில்லை. ஒரு சின்னக் கரகரப்புக்கூட இல்லை.

"கேக்குது," என்றாள் அவள். "கேக்குதுண்ணா. சொல்லு."

பிறகு அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். கிளினிக்கில் நூறு பேரிடம் பேசுகிற குரல் இல்லை அது. கல்யாணத்துக்கு முன்னால், அவர்கள் வீட்டு ஹாலில், அண்ணனும் தங்கையும் வம்பளந்துகொண்டிருக்கும்போது அவன் கேட்ட குரல். நடுநடுவே 'ம்' என்றாள். ஒரு தடவை, "பொண்ணு. இப்ப நாலாகப் போகுது. உன்னை மாதிரியே காது," என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே உடைந்தது. சுவரில் ஒரு கையை ஊன்றிக்கொண்டாள். இன்னும் கொஞ்ச நேரம் கேட்டாள். "தெரியும். அம்மாவுக்கு வலிக்கக் கூடாதுன்னுதான் கையெழுத்துப் போட்டே. அப்பவே தெரியும்ணா. யார் மேலயாவது கோவப்படணும்போல இருந்துச்சு, நீதான் பக்கத்துல இருந்தே."

அவளுடைய பாதி மட்டும்தான் அவனுக்குக் கேட்டது. மறுபாதி வரவேண்டிய இடத்திலெல்லாம் வெறும் மௌனம் இருந்தது, ஆனால் அளவான மௌனம். ஓர் ஆள் பேசி முடிக்க எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு. எப்போது அவள் 'ம்' சொல்லப் போகிறாள் என்றுகூட அவனால் முன்கூட்டியே சொல்லிவிட முடிந்தது. நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். தன் பேர் அந்தப் பேச்சில் வருமா என்று காத்திருந்தான். வரவில்லை.

"சரி, வை," என்றாள் கடைசியில். பிறகு விளக்கைப் போட்டு, முகம் கழுவிக்கொண்டு, கீழே நடந்துவிட்டு வருவதாகச் சொல்லிப் போய்விட்டாள். அவனை உடன் வரச் சொல்லவில்லை. திரும்பி வந்தபோது அவனுக்கும் சாப்பாடு வாங்கி வந்திருந்தாள். மேசையில் வைத்தாளே தவிர எடுத்துக் கொடுக்கவில்லை. கட்டிலில் அந்தப் பக்கம் திரும்பிப் படுத்து நன்றாகத் தூங்கினாள். அவன் தூங்கவில்லை.

சனிக்கிழமை பகல் முழுவதும் துறைமுக வேலிக்கு வெளியே நடந்தார்கள். அவள் ஒவ்வொரு கிரேனாக நின்று பார்த்தாள். ஒரே ஒரு தடவை, அண்ணன் நேற்று என்ன சொன்னார் என்று அவன் கேட்டான். "அது எனக்கு வந்த போன்," என்றாள்.

சாயங்காலம் ஆறே முக்காலுக்கு ரூமுக்கு வந்ததும் அவள் உள்ளே வராமல் வாசலிலேயே நின்றாள்.

"இன்னிக்கு நீங்க இருங்க. நான் கீழ இருக்கேன்."

"எனக்குக் கேக்கலையேம்மா. நேத்தே கேக்கலை."

"கேக்கறதுக்கு இல்லை," என்று சொல்லிவிட்டு லிஃப்ட்டை நோக்கி நடந்தாள்.

கதவைச் சாத்திவிட்டு அவன் ஏசியை நிறுத்தினான். விளக்கையும் நிறுத்தலாமா என்று யோசித்து, பயந்து, எரியவிட்டான். மேசைக்கும் ஜன்னலுக்கும் நடுவில், நேற்று அவள் நின்ற இடத்தில் போய் நின்றான். தன் தொழிலில் எத்தனையோ காலி ரூம்களில் தனியாக நின்றிருக்கிறான். எந்த ரூமும் இப்படிக் காலியாக இருந்ததில்லை.

ஏழு ஆனது. எதுவும் கேட்கவில்லை.

"மச்சான்," என்றான். இருமிவிட்டு மறுபடி ஆரம்பித்தான். "நான்தான் தள்ளுபடி பேசறேன்."

அந்தப் பெயரைத் தானே சொல்லிக்கொண்டதும் தரையில் உட்கார்ந்துவிட்டான். உட்கார்ந்தபடியே சொன்னான். குளியலறை வாசல், ஸ்டூல், பட்டியல், எல்லாவற்றையும். நாலாம் நாள் சந்தேகம் வந்ததையும், எடுத்துவிடலாம் என்று போனைக் கையில் எடுத்ததையும், அன்றைக்கு அவள் இரண்டு வேளை ஒழுங்காகச் சாப்பிட்டிருந்ததால் அப்படியே வைத்துவிட்டதையும் சொன்னான். அந்தக் கடைசி மூன்று அழைப்பையும் மறுநாள் காலையில்தான் பார்த்ததாகச் சொல்ல வாய் எடுத்தான். அது பொய். நாலு வருஷமாகத் தனக்கே அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தான். "அன்னிக்கே பார்த்தேன் மச்சான். எட்டு மணிக்கே பார்த்தேன். மூணு தடவை கூப்பிட்டிருக்கீங்களே, என்னன்னு நானாவது திருப்பிக் கூப்பிட்டிருக்கலாம். கோவமாப் பேசுவீங்கன்னு பயந்து கூப்பிடலை."

பதில் வரவில்லை. ஆனால் அந்த மௌனம் நேற்று மாதிரி இல்லை என்று மெல்ல மெல்ல அவனுக்குத் தெரிந்தது. போனை எடுத்துவிட்டு எதிராளி பேசாமல் இருந்தால் ஒரு மாதிரி இருக்குமே, லைன் செத்துப்போனதுக்கும் அதுக்கும் வித்தியாசம் தெரியுமே, அந்த மாதிரி. யாரோ மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்கள். தள்ளுபடி எழவும் துணியாமல் நகரவும் துணியாமல் அப்படியே உட்கார்ந்திருந்தான். ஜன்னலுக்கு வெளியே கிரேன்களின் உச்சியில் சிவப்பு விளக்குகள் ஏற்றிவிட்டார்கள். ஏழு மணி பதினோரு நிமிஷத்தை அவன் கடிகாரத்தில் பார்த்தான். அதுவும் கடந்துபோனது. ஏழரை ஆனபோது, ரூம் மறுபடி வெறும் ரூமாக இருந்தது.

கீழே வந்தான். வரவேற்பு ஹாலின் மூலையில், ஒரு நீள சோபாவில் அவள் உட்கார்ந்திருந்தாள். கைப்பையைப் பக்கத்தில் வைத்திருந்தாள். நாத்தனாருக்குப் போன் பண்ணி மகளிடம் பேசி முடித்திருந்தாள் போல, போன் இன்னும் கையில் இருந்தது. அவன் எதிரே வந்து நின்றான்.

"சொன்னீங்களா?"

"எல்லாத்தையும் சொன்னேன்."

"என்ன சொன்னான்?"

"ஒண்ணும் சொல்லலை," என்றான். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆனா கடைசி வரைக்கும் வைக்கலை," என்றான்.

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். நாலு வருஷத்தில் இல்லாத அளவுக்கு நிதானமாகப் பார்த்தாள். மன்னித்ததாகச் சொல்லவில்லை, அன்றைக்கும் சொல்லவில்லை, அதற்குப் பிறகும் சொல்லவில்லை. பக்கத்திலிருந்த கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அந்த இடத்தில் அவன் உட்கார்ந்தான். வெளியே போய்ச் சாப்பிட அவர்கள் எழுந்தபோது ஹாலில் கூட்டம் குறைந்திருந்தது.